செல்லுக்குள் மரபணுவைச் செலுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களும், மரபணு சிகிச்சை என்ற சொல்லை மருத்துவர் வாயிலாக முதல்முறை கேட்ட குடும்பத்தினரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. முதல் பாதி ஆய்வக மேசையைப் பற்றியது, பிற்பாதி மருத்துவத்தைப் பற்றியது. ஆனால் மேசையில் தெரிந்துகொள்ளும் விஷயம்தான் மருத்துவத்திலும் பேசும். ஆகவே நோயாளியின் குடும்பத்தினரும் முதல் இரண்டு பதில்களைப் படித்துவிடுவது நல்லது.

டிரான்ஸ்ஃபர்மேஷன், டிரான்ஸ்ஃபெக்ஷன், டிரான்ஸ்டக்ஷன்... மூணும் ஒண்ணுதானா?

வேலை ஒன்றுதான், இடமும் வாகனமும் வேறு. பாக்டீரியாவுக்குள் டிஎன்ஏவை ஏற்றினால் டிரான்ஸ்ஃபர்மேஷன். விலங்குச் செல்லுக்குள் வேதிப்பொருளாலோ மின்சாரத்தாலோ ஏற்றினால் டிரான்ஸ்ஃபெக்ஷன். வைரஸின் கூட்டுக்குள் வைத்து அனுப்பினால் டிரான்ஸ்டக்ஷன். விலங்குச் செல்லைப் பற்றிப் பேசும்போது முதல் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். சாதாரணச் செல் புற்றுநோய்ச் செல்லாக மாறுவதற்கும் அதே பெயர்தான், கேட்பவர் குழம்பிப்போவார்.

டிஎன்ஏவை அப்படியே செல் மேல ஊத்தினா உள்ள போகாதா?

போகாது. டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்சுமை. செல் சவ்வின் வெளிப்பக்கமும் பெரும்பாலும் எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அதனால்தான் பெரும்பாலான வேதிமுறைகளில் நேர்மின்சுமை கொண்ட ஏதோ ஒன்று டிஎன்ஏவைச் சுருட்டிப் பொட்டலம் கட்டுகிறது. லிபிட் என்ற கொழுப்பாக இருக்கலாம், பாலிமராக இருக்கலாம், கால்சியமாகவும் இருக்கலாம்.

பொட்டலம் சவ்வில் ஒட்டியதும் செல் அதை ஒரு பைக்குள் விழுங்குகிறது. இந்தப் பைக்கு எண்டோசோம் என்று பெயர். நேரம் போகப்போகப் பைக்குள் அமிலம் கூடும், கடைசியில் உள்ளே இருப்பது செரிக்கப்பட்டுவிடும். அதற்குள் தப்பித்து வெளியே வந்தால்தான் உண்டு. லிபிட் நானோ துகளில் அனுப்பும் குட்டி ஆர்என்ஏவில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தப்புகிறது. டிஎன்ஏவாக இருந்தால் இன்னொரு மதிலும் இருக்கிறது, அது உட்கரு. செல் பிரியும்போது உட்கருவின் சவ்வு கலைந்து மறுபடி சேரும். நாம் செலுத்தும் மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட் பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே நுழைகிறது.

சவ்வு, எண்டோசோம், உட்கரு. இந்த மூன்று வாசலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்றில் மாட்டியவைதான்.

எங்க லேப்ல ஹெக் 293டி செல்தான் இருக்கு. எதுல ஆரம்பிக்கறது?

ஹெக் 293டி என்பது மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த, ஆய்வகத்தில் வளர்க்கும் செல். அதற்குப் பிஇஐ எனப்படும் பாலிஎத்திலீன்இமைன் என்ற பாலிமரில் ஆரம்பியுங்கள். கிளை இல்லாத நேர்ச்சங்கிலி வகை, 25,000 டால்டன். விலை உயர்ந்த லிபிட் கிட் இந்தச் செல்லுக்குத் தேவையே இல்லை. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில், அமிலம் சேர்த்த நீரில் சூடுபடுத்திக் கரைத்து, பிஎச் 7.0க்குக் கொண்டுவந்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். உருக்கிய குழாயைத் திரும்ப உறைய வைக்காமல் 4 டிகிரியிலேயே வைத்துப் பயன்படுத்தலாம்.

6 வெல் (குழி) தட்டில் ஒரு வெல்லுக்கான கணக்கு இது. முந்தின நாள் மாலை 5 முதல் 7 லட்சம் செல் விதைத்து 2 மில்லி மீடியம் (வளர்ப்புத் திரவம்) ஊற்றுங்கள். மறுநாள் காலை தட்டின் பரப்பில் 70 முதல் 80 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். சீரம் (ரத்தத் தெளிநீர்) இல்லாத மீடியம் 100 மைக்ரோலிட்டரில் 2 மைக்ரோகிராம் பிளாஸ்மிட், இன்னொரு குழாயில் அதே 100 மைக்ரோலிட்டரில் 6 மைக்ரோலிட்டர் பிஇஐ. இரண்டாவதை முதலாவதில் ஊற்றி உடனே சில விநாடிகள் கலக்கி, அறை வெப்பத்தில் 15 நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு வெல் முழுக்கப் பரவலாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தட்டை முன்னும் பின்னும், இடமும் வலமுமாக அசையுங்கள். வட்டமாகச் சுழற்றினால் பொட்டலமெல்லாம் நடுவில் குவியும், அங்கே மட்டும் செல் சாகும். 4 முதல் 6 மணி நேரம் கழித்து மீடியம் மாற்றுங்கள், 24 மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்.

சீரம் இல்லாத மீடியத்தில் கலக்கச் சொல்வதற்குக் காரணம், சீரத்தின் புரதங்கள் பிஇஐயைப் பிடித்துக்கொண்டு டிஎன்ஏவுக்கு விடாது. பொட்டலம் உருவான பிறகு செல் மேல் இருக்கும் மீடியத்தில் சீரம் இருந்தால் 293டி பெரிதாகக் கவலைப்படாது.

கால்சியம் பாஸ்பேட் இன்னும் மலிவாச்சே. எனக்கு மட்டும் ஏன் வரவே மாட்டேங்குது?

1973இல் கிரஹாமும் வான் டெர் எப்பும் கொண்டுவந்த முறை, இன்றும் அருமையாக வேலை செய்யும். வராததற்குக் காரணம் பெரும்பாலும் பிஎச்தான். பிஎச்சை நிலையாக வைக்கும் இரட்டை வலு ஹெப்பெஸ் உப்புக் கரைசல் 7.05இல் இருக்க வேண்டும். 0.05 கூடினாலோ குறைந்தாலோ பொறுத்துக்கொள்ளும், 0.1 தாண்டினால் ஆட்டம் முடிந்தது. கீழே போனால் டிஎன்ஏவைச் சுமக்கும் படிவே உருவாகாது, மேலே போனால் கொரகொரவென்று மணல் போல வரும், அதைச் செல் விழுங்காது. நல்ல படிவு மைக்ராஸ்கோப்பில் மிளகுத்தூளை ஊதியது போல நுண்ணியதாகத் தெரியும். பிஎச் மீட்டரை அன்றைக்கே சரிபார்த்து, 6.95, 7.05, 7.15 என மூன்று கரைசல் செய்து, பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்துக்கான பிளாஸ்மிட் போட்டுப் பார்த்து, நன்றாக வந்ததை மட்டும் உறைய வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஃப்பி ஒளிரவே இல்லை. எங்க தப்பு?

ஒவ்வொரு படியாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். அதற்குக் கூடவே நான்கு வெல் வேண்டும்: எதுவும் சேர்க்காத செல், பிஇஐ மட்டும் சேர்த்தது, காலி பிளாஸ்மிட், ஏற்கெனவே வேலை செய்யும் என்று தெரிந்த ஜிஎஃப்பி பிளாஸ்மிட். கடைசி வெல் ஒளிர்ந்து உங்களுடையது ஒளிரவில்லை என்றால் கோளாறு உங்கள் பிளாஸ்மிட்டில். மரபணுவை இயக்கும் பகுதியான புரோமோட்டர் இந்தச் செல்லுக்குப் பொருந்துமா, வரிசை சரியா என்று பாருங்கள். கடைசி வெல்லும் இருட்டு என்றால் கோளாறு செல்லிலோ வினைப்பொருளிலோ.

டிஎன்ஏவைச் சோதியுங்கள். 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 1.8க்குக் கீழே இருந்தால் புரதமோ பீனாலோ ஒட்டியிருக்கிறது. விகிதம் நன்றாக இருந்தும் செல் வாடினால் எண்டோடாக்ஸினைச் சந்தேகியுங்கள். ஈ. கோலை பாக்டீரியாவின் சுவரிலிருந்து வருவது அது, இந்த விகிதத்தில் தெரியாது. எண்டோடாக்ஸின் நீக்கும் கிட்டில் பிரித்த பிளாஸ்மிட்டை அருகில் வைத்துச் சோதித்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது செல். தட்டு முழுக்க நெருக்கியடித்து வளர்ந்த செல் பிரிவதைக் குறைத்துக்கொள்ளும். மூன்றாவது வாசல் திறக்காது என்பதை மேலே பார்த்தோம். அதிகத் தடவை பிரித்து வளர்த்த செல்லும் ஏமாற்றும், 20 தடவை தாண்டினால் ஆரம்பத்தில் உறைய வைத்த குப்பி ஒன்றை உருக்குங்கள். மைகோபிளாஸ்மா என்ற மிக நுண்ணிய பாக்டீரியாவின் தொற்று இருந்தால் மீடியம் கலங்காது, நிறமும் மாறாது, செல் மட்டும் மந்தமாகிவிடும். மாதம் ஒருமுறை பிசிஆர் செய்து பாருங்கள். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு மூன்று மாதம் வினைப்பொருளை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

ஒளிருது, ஆனா பாதி செல் செத்து மிதக்குது. பிஇஐயைக் குறைச்சா போதுமா?

முதலில் பிஇஐ மட்டும் போட்ட வெல்லைப் பாருங்கள். அதில் சாவு அதிகம் என்றால் குறையுங்கள். அதில் செல் நலமாக இருந்து, பிளாஸ்மிட் போட்டதில் மட்டும் சாகிறது என்றால் நச்சு டிஎன்ஏ பக்கம் இருக்கிறது, அல்லது நீங்கள் உற்பத்தி செய்யும் புரதமே செல்லுக்கு ஆகவில்லை. மீடியத்தில் பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் இருந்தால் அன்று மட்டும் எடுத்துவிடுங்கள். சவ்வு ஓட்டையாகும் நேரத்தில் அவையும் உள்ளே போய்விடும்.

மூணு நாள்ல ஒளி மங்கிப்போகுது. நிரந்தரமா வெச்சுக்க என்ன வழி?

பிளாஸ்மிட் குரோமோசோமில் ஒட்டுவதில்லை. செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் பங்கு குறைந்துகொண்டே வரும். மிகச் சில செல்களில் மட்டும் தற்செயலாக ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பு மரபணு ஒன்றைச் சேர்த்து, மருந்தால் மற்றவற்றைக் கொன்று, அந்தச் சிலவற்றைப் பொறுக்கியெடுக்க வேண்டும். பியூரோமைசின் 2, 3 நாளில் முடித்துவிடும், மில்லிக்கு 1 முதல் 3 மைக்ரோகிராம். ஜி418 ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும். அளவை யாரிடமும் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் செல்லில் படிப்படியாக உயர்த்திப் பார்த்து, எல்லாச் செல்லையும் கொல்லும் குறைந்தபட்ச அளவை நீங்களே கண்டுபிடியுங்கள்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று: 293டி செல்லில் ஜி418க்கான எதிர்ப்பு மரபணு ஏற்கெனவே இருக்கிறது, அந்தச் செல்லை உருவாக்கியபோதே சேர்த்தது. அதில் ஜி418 போட்டுத் தேர்வு செய்தால் எதுவும் சாகாது, நீங்கள் எல்லாம் வெற்றி என்று நினைத்துக்கொள்வீர்கள். பியூரோமைசினோ ஹைக்ரோமைசினோ போடுங்கள்.

டி செல்லுக்கு லிபிட், பிஇஐ எதுவுமே வேலை செய்யலையே?

ரத்தத்திலிருந்து எடுத்த டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளையணு) விழுங்குவதில் சோம்பேறி, பிரிவதும் இல்லை. பொட்டலம் முதல் வாசலிலேயே நிற்கிறது. சிடி3, சிடி28 எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகளால் 2, 3 நாள் தூண்டி, பிறகு எலெக்ட்ரோபொரேஷன் செய்யுங்கள். மின் துடிப்பு சவ்வில் கண நேரம் நுண்துளைகளைத் திறக்கும். 10 லட்சம் செல்லை 20 மைக்ரோலிட்டர் தாங்கல் கரைசலில் எடுத்து, துடிப்பு கொடுத்ததும் முன்கூட்டிச் சூடாக்கிய மீடியத்தை உடனே சேர்க்க வேண்டும். அந்தக் கரைசலில் பத்து நிமிடம் கிடந்தாலே செல் வாடத் தொடங்கும். டி செல் வெறும் டிஎன்ஏவைத் தொற்று என்று நினைத்து மடிந்துவிடும் சுபாவம் கொண்டது. புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவாகவோ, டிஎன்ஏவை வெட்டும் காஸ்9 புரதத்தோடு வெட்டும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏ சேர்த்தோ அனுப்பினால் எவ்வளவோ மேல்.

இதே எலெக்ட்ரோபொரேஷனை ஈ. கோலையில் செய்யும்போது 'டப்' என்று சத்தம் கேட்டால் தீப்பொறி பறந்துவிட்டது என்று பொருள், அந்தச் செல் போனதுதான். 1 மில்லிமீட்டர் குவெட்டில் 1.8 கிலோவோல்ட் கொடுக்கும்போது துளி உப்பும் ஆகாது. டிஎன்ஏ துண்டுகளை ஒட்டிய லிகேஷன் கலவையை அப்படியே போடாமல் உப்பு நீக்கி 1 மைக்ரோலிட்டர் மட்டும் போடுங்கள். நன்றாக நடந்திருந்தால் கருவி நேர மாறிலி (மின் துடிப்பு தணியும் நேரம்) 4, 5 மில்லி விநாடி என்று காட்டும்.

லென்டி வைரஸ்னா எச்ஐவிதானே? எனக்கே தொத்திக்காதா?

எச்ஐவியிலிருந்து வந்ததுதான், ஆனால் பெருகாது. வைரஸ் கட்டத் தேவையான மரபணுக்களை மூன்று நான்கு பிளாஸ்மிட்டுகளில் தனித்தனியாகப் பிரித்து 293டி செல்லுக்குள் போடுகிறோம். வெளியே வரும் துகளில் உங்கள் மரபணு மட்டும் இருக்கும், கூடு செய்யும் மரபணு இருக்காது. அது ஒரு செல்லுக்குள் நுழையும், குரோமோசோமில் ஒட்டும், அத்தோடு கதை முடிந்தது.

இருந்தாலும் அலட்சியம் கூடாது. மேலுறை விஎஸ்வி ஜி என்ற புரதத்தால் ஆனது, கிட்டத்தட்ட எல்லாவிதச் செல்லிலும் நுழையும், உங்கள் விரலில் உள்ளதும் சேர்த்துத்தான். உள்ளே புற்றுநோயைத் தூண்டும் மரபணு வைத்திருந்தால் ஊசிக்குத்து விளையாட்டல்ல. இரண்டாம் நிலைப் பாதுகாப்பு அறை, இரண்டு கையுறை, கூர்மையான பொருள் எதுவும் வேண்டாம். கழிவைப் புதிதாகக் கலந்த 10 சதவீத பிளீச்சில் அரை மணி நேரம் வைத்த பிறகே கொட்டுங்கள். தொடங்குமுன் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி கட்டாயம்.

வடிகட்டும்போது 0.45 மைக்ரான் எடுங்கள், 0.22 வேண்டாம், வைரஸும் அதில் குறையும். உடனே சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். ஒவ்வொரு முறை உருக்கி உறைய வைக்கும்போதும் வலு கணிசமாக இறங்கும்.

எம்ஓஐ 1ன்னா செல்லுக்கு ஒரு வைரஸ்தானே?

சராசரியாக ஒன்று. எம்ஓஐ என்பது செல் ஒன்றுக்கு எத்தனை தொற்றும் துகள் என்ற விகிதம். மழைத்துளி விழுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். 100 செல்லுக்கு 100 துகள் போட்டால் 37 செல்லில் ஒன்றுகூட விழாது, 37இல் ஒன்று விழும், மீதி 26இல் இரண்டோ அதற்கு மேலோ விழும். ஒரு செல்லுக்கு ஒரே பிரதி வேண்டுமென்றால் எம்ஓஐ 0.3இல் போடுங்கள். 26 சதவீதச் செல்தான் தொற்றும், ஆனால் தொற்றியவற்றில் 86 சதவீதம் ஒற்றைப் பிரதியாக இருக்கும்.

இதற்கு டைட்டர், அதாவது மில்லிக்கு எத்தனை தொற்றும் துகள் என்பது, சரியாகத் தெரிய வேண்டும். ஒரு லட்சம் செல்லுக்கு 10 மைக்ரோலிட்டர் வைரஸ் போட்டு 12 சதவீதம் ஒளிர்ந்தால் 12,000 செல். அப்படியென்றால் மில்லிக்கு 12 லட்சம். ஒளிர்வது 5 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கும் வெல்லை வைத்து மட்டும் கணக்கிடுங்கள். 60 சதவீதம் ஒளிரும் வெல்லில் பல செல் இரண்டு மூன்று துகளை வாங்கியிருக்கும், கணக்கு குறைத்துக் காட்டும்.

எம்ஆர்என்ஏ தடுப்பூசி எங்க டிஎன்ஏவை மாத்திடுமா? கோவிஷீல்டுல இருந்தது டிஎன்ஏதானாமே?

எம்ஆர்என்ஏவுக்கு மூன்றாவது வாசலில் வேலையே இல்லை. எண்டோசோமிலிருந்து தப்பியதும் உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்திலேயே புரதம் தயாராகத் தொடங்கும், சில நாளில் சிதைந்துவிடும். ஆர்என்ஏவின் எழுத்தைச் சற்று மாற்றினால் செல் அதை எதிரியாகப் பார்க்காது என்று 2005இல் கரிக்கோவும் வைஸ்மனும் காட்டினார்கள். அதற்கு 2023 நோபல் பரிசு கிடைத்தது.

கோவிஷீல்டில் இருந்தது டிஎன்ஏ என்பது சரி. சிம்பன்சி அடினோ வைரஸுக்குள் வைத்து, ஒரு டோஸில் 5 × 10¹⁰ துகள். அது உட்கருவுக்குள் போகும், ஆனால் குரோமோசோமில் ஒட்டவைக்கும் நொதி அடினோ வைரஸிடம் இல்லை. தனியாகக் கிடந்து, அந்தச் செல்லோடு போய்விடும். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: 2021 ஆகஸ்டில் இந்தியா அனுமதித்த சைக்கோவ்-டி, மனிதருக்கான முதல் பிளாஸ்மிட் டிஎன்ஏ தடுப்பூசி. ஊசியில்லாக் கருவியால் தோலுக்குள் பீய்ச்சினார்கள். ஒரு டோஸ் 2 மில்லிகிராம். ஃபைசரின் எம்ஆர்என்ஏ தடுப்பூசியோ 30 மைக்ரோகிராம். வாகனம் வேறு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் பொட்டலமில்லாத டிஎன்ஏ அத்தனை வாசலையும் கடப்பது எவ்வளவு கடினம் என்பது இந்த இரண்டு எண்ணில் இருக்கிறது.

லிபிட் நானோ துகளை ரத்தத்துல ஏத்தினா ஏன் கல்லீரலுக்கே போகுது?

ரத்தத்தில் கலந்ததும் அபோ ஈ என்ற புரதம் துகள் மேல் படிகிறது. கல்லீரல் செல் அதைக் கொலஸ்ட்ரால் துகள் என்று எடுத்துக்கொண்டு உள்ளே இழுக்கிறது. 2018இல் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற, மரபணுவை அடக்கும் முதல் குட்டி ஆர்என்ஏ மருந்து இந்த இயல்பை வைத்துத்தான் வேலை செய்கிறது. நுரையீரலுக்கோ மூளைக்கோ திருப்புவதுதான் இன்றைய பெரிய பாடு.

மருந்துன்னு வந்தா ஏஏவியா, லென்டியா? எது நல்லது?

செல் பிரியுமா பிரியாதா என்று முதலில் கேளுங்கள். ஏஏவி (அடினோ-சார் வைரஸ்) 25 நானோமீட்டர் குட்டி வைரஸ், 4.7 கிலோபேஸுக்கு (4,700 டிஎன்ஏ எழுத்துக்கு) மேல் சுமக்காது, பெரும்பாலும் குரோமோசோமில் ஒட்டாமல் தனியே நிற்கும். பிரியாத நரம்புச் செல்லுக்கும் விழித்திரைக்கும் அது போதும். 2017இல் வந்த லக்ஸ்டர்னா ஆர்பிஇ65 மரபணுவை விழித்திரைக்குக் கீழே செலுத்துகிறது. 2019இல் வந்த சோல்ஜென்ஸ்மா, எஸ்எம்ஏ என்ற தசை நலியும் மரபணு நோய் உள்ள குழந்தைக்கு எஸ்எம்என்1 மரபணுவை ரத்தநாளம் வழியாக ஒரே தடவையில் கொடுக்கிறது, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.1 × 10¹⁴ துகள்.

ரத்த மூலச் செல்லில் ஏஏவி போட்டால் பிரியப் பிரியக் கரைந்துபோகும், மேலே பிளாஸ்மிட்டுக்குச் சொன்ன அதே காரணம். அங்கே ஒட்டிக்கொள்ளும் லென்டிதான் வேண்டும், 8 கிலோபேஸ் வரை சுமக்கும். செல்லை வெளியே எடுத்து மாற்றித் திருப்பி ஏற்றலாம் என்பது பெரிய வசதி, தரம் பார்த்த பிறகே நோயாளிக்குப் போகிறது. ஐஐடி மும்பையும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கி 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற, ரத்தப் புற்றுநோய்க்கான நெக்ஸ்கார்19 இப்படி லென்டியால் மாற்றிய டி செல். அரிவாள் செல் நோய்க்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவியில் வைரஸே இல்லை. டி செல் பற்றிய பதிலில் சொன்ன அதே எலெக்ட்ரோபொரேஷன், அதே காஸ்9 புரதம், செல் மட்டும் மூலச் செல்.

மரபணு சிகிச்சையால புற்றுநோய் வரும்னு சொல்றாங்களே, உண்மையா?

வந்திருக்கிறது, மறைக்கக் கூடாது. எக்ஸ்-எஸ்சிஐடி என்ற பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாட்டுக்குப் பாரிஸிலும் லண்டனிலும் நடந்த முதல் சோதனைகளில் 20 குழந்தைகளில் 5 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பழைய வகை ரெட்ரோ வைரஸ் எல்எம்ஓ2 என்ற மரபணுவுக்கு அருகில் ஒட்டி, தன் வலுவான தூண்டியால் அதை எழுப்பிவிட்டது. அதன் பிறகு அந்தத் தூண்டியை வெட்டியெடுத்த, ஒட்டியதும் தானே அணைந்துகொள்ளும் லென்டி வந்தது. ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது, பூஜ்யம் ஆகவில்லை. அதனால்தான் நோயாளியைப் பல ஆண்டு பின்தொடர்கிறார்கள், நீங்களும் அந்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

வேறு வகை ஆபத்தும் உண்டு. 1999இல் பென்சில்வேனியாவில் கல்லீரல் நொதிக் குறைபாட்டுக்கு அடினோ வைரஸ் செலுத்தப்பட்ட 18 வயது இளைஞர் நான்கு நாளில் இறந்தார். அங்கே காரணம் ஒட்டுதல் இல்லை, உடல் வைரஸ் கூட்டுக்கு எதிராகக் கொதித்தெழுந்தது. இரண்டு ஆபத்தையும் தனித்தனியாகப் பிரித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

ஏஏவி ஒரு தடவை போட்டுச் சரியாகலைன்னா இன்னொரு தடவை போடலாமா?

இன்றைய நிலையில் பொதுவாக முடியாது. முதல் டோஸுக்குப் பிறகு உடலில் எதிர்ப்பொருள் ஏராளமாகப் பெருகும், இரண்டாவது டோஸ் செல்லைத் தொடுமுன்பே அடைபட்டுவிடும். இயற்கையாகவே ஏஏவி தொற்றிப்போனவர்களுக்கு முதல் டோஸே பயன்படாமல் போகலாம். ஆகவே சோல்ஜென்ஸ்மாவுக்கு முன் ஏஏவி9 எதிர்ப்பொருள் சோதனை செய்வார்கள். குழந்தையிடம் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் இருந்தால் அது குறைவதற்குக் காத்திருந்து மறுபடி சோதிப்பதுண்டு. ஊசிக்கு முந்தின நாளிலிருந்து பிரெட்னிசோலோன் கொடுப்பது, பல வாரம் கல்லீரல் நொதியைப் பார்த்துக்கொண்டே இருப்பது எல்லாம் இதே எதிர்ப்பை அடக்கத்தான். வீட்டுக்கு வந்த பிறகு மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எதிர்ப்பொருள் உள்ளவருக்கு வேறு பாதை இருக்கிறதா என்பதற்கு வேலூர் சிஎம்சியில் ஹீமோபிலியா ஏ என்ற ரத்தம் உறையாத நோய்க்கு நடந்த சோதனை நல்ல எடுத்துக்காட்டு. ஏஏவியை விட்டுவிட்டு, நோயாளியின் ரத்த மூலச் செல்லை (சிடி34 அடையாளம் கொண்டது) வெளியே எடுத்து, லென்டியால் ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவை ஏற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் வெளியான முடிவின்படி 5 நோயாளிகளுக்கும் ஆண்டு ரத்தக்கசிவு எண்ணிக்கை பூஜ்யம். வைரஸ் செல்லைச் சந்திப்பது உடலுக்கு வெளியே, ரத்தத்திலுள்ள ஏஏவி எதிர்ப்பொருளுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் மாற்றிய செல்லுக்கு எலும்பு மஜ்ஜையில் இடம் ஒதுக்க முதலில் கடும் மருந்து கொடுத்தாக வேண்டும். சில வாரம் தொற்று ஆபத்தோடு மருத்துவமனையில் இருக்க நேரும் என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.